அனந்தபுரத்து மழையை வாங்க வந்தவர்

1

இந்தக் கதை விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகிற பஸ்ஸில் சுட்டது. முன் சீட்டில் ஒரு பெண் போனில் திட்டிக்கொண்டிருந்தாள். "இன்னாடா பூவு, எல்லாத்தையும் ஒரே புரோகிராம்ல கொட்டி வச்சிக்கினு! ஒண்ணு படுத்தா மொத்தக் கடையும் படுத்துடும்டா. தனித்தனியா பிரி!" பெயர் கேட்கக் கூச்சம். கலைப்பிரியா என்று நானே வைத்துவிட்டேன். பூவு என்றால் பூவரசனாகத்தான் இருக்க வேண்டும். மற்றதெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் தொடக்கம்: 'திண்டிவனத்து வானம் அன்று...' (வேண்டாம். வானத்தில் தொடங்கினால் என் மனைவியே படிக்க மாட்டாள்.)

இரண்டாவது: 'மென்பொருள் கட்டமைப்பு என்பது...' (தூங்கிவிடாதீர்கள், சுருக்கமாகச் சொல்கிறேன்.) திண்டிவனத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் இருவரும் இணையச் சந்தை ஒன்று கட்டியிருக்கிறார்கள். அங்கே சரக்கு, தகவல். ஊருக்கு ஊர் மழைமானி வைத்திருப்பவர்கள் அளவைச் சொல்வார்கள். விதைக் கம்பெனிகள் வாங்கும். ஆர்டர் ஒருவருக்குப் போகும். 'கிடைத்தது' என்று அவர் பச்சைப் பொத்தானை அழுத்தாவிட்டால், பக்கத்து ஊர்க்காரருக்குத் தாவும். எனக்கே புரிந்துவிட்டது, உங்களுக்குப் புரியாதா?

3

விழுப்புரத்து விதைக் கம்பெனி மேலாளர் சக்கரபாணி இன்று ஒப்பந்தம் போட்டால் சந்தை பிழைக்கும். போடாவிட்டால் கலைப்பிரியா பெங்களூர் வேலைக்குப் போயாக வேண்டும். அவளுக்கு இஷ்டமில்லை. எனக்கும் இல்லை. (எழுதுகிறவன் யார் பக்கமும் சாயக் கூடாதாம். யார் சொன்னது?)

மாடிக்கு வந்து உட்கார்ந்த சக்கரபாணி, சோதித்துப் பார்க்கக் கேட்டது அனந்தபுரத்து மழை மட்டும். வந்ததோ அனந்தபுரம், மயிலம், கோட்டக்குப்பம் வரைக்கும் அத்தனை ஊர் மழையும்.

"இன்னாம்மா இது? நான் ஒரு ஊருதானே கேட்டேன்?"

முகம் வெளுத்துப்போன கலைப்பிரியா, அனந்தபுரத்தில் மழை அளக்கும் சவுரியம்மாளுக்குப் போன் போட்டாள்.

"பொத்தான அமுக்கலியாக்கா?"

"பொத்தானு எதுக்கும்மா? கெடச்சிதுன்னு பூவரசு தம்பிக்கு அப்பவே மிஸ்டு கால் குடுத்துட்டேனே!"

எல்லா ஊர்க்காரர்களும் அப்படித்தான். வந்து சேர்ந்தேன், பால் வாங்கிட்டேன் எல்லாவற்றுக்கும் மிஸ்டு கால்தானே நமக்கு. பெரிய மனிதர் வருகிறார் என்று பூவரசன் போனை சைலன்ட்டில் போட்டிருந்தான். பச்சை விழாததால் ஆர்டர் ஊர் ஊராகத் தாவ, அத்தனை பேரும் அளவை அனுப்பிவிட்டார்கள்.

4

இங்கே பூவரசன்மேல் எனக்குச் சந்தேகம். இவ்வளவு அசடா ஒருவன்? வில்லனாக்கிப் பார்த்தேன், பாவி, வில்லனாக வரவே மாட்டேன் என்கிறான்.

"ஆளுங்களுக்கு மறுபடி கத்துக்குடுப்போம்" என்றான்.

"அவங்க சரியாத்தான்டா பதில் சொல்லிக்கினு இருக்காங்க. மிஸ்டு கால் வந்தா பச்சையாவுற மாதிரி தனியா ஒரு துண்டு புரோகிராம் எழுதி சேக்குறேன். மத்த எதையும் தொட வேணாம்."

சக்கரபாணி சிரித்துவிட்டார். "இத்தினி பேரு இவ்ளோ ஜல்தியா பதில் சொல்லி நான் பாத்ததே இல்லம்மா. செய்ங்க. டீ குடிச்சிட்டு வர்றேன்."

அவர் திரும்பி வந்ததும் மறுபடி ஆர்டர். சைலன்ட் எடுத்த பூவரசன் போனில் மணி ஒருமுறை அடித்து நின்றது. திரையில் அனந்தபுரம் பச்சை. அனந்தபுரம் மட்டும்! பூவரசன் குதித்த குதியில் ஜெராக்ஸ் கடைக்காரர் என்னவோ ஏதோ என்று மேலே ஓடிவந்தார். எழுதுகிற நானும் கத்திவிட்டேன், சத்தியமாக.

5

முடிவு ஒன்று: சக்கரபாணி கையெழுத்துப் போடுகிறார்.

முடிவு இரண்டு: 'மேலே கேட்டுச் சொல்றேன்' என்று அவர்... (சீ, அடித்துவிட்டேன்.)

முதலாவதை நான் எழுதினால் நம்ப மாட்டீர்கள். நான் யார் பக்கம் என்றுதான் தெரிந்துவிட்டதே. ஆகவே இங்கேயே நிறுத்துகிறேன். ஒப்பந்தக் காகிதம் மேசைமேல் இருக்கிறது. சக்கரபாணி பேனா மூடியைக் கழற்றிவிட்டார். மேலே எழுத வேண்டியது நீங்கள்தான். ஆனால் கொஞ்சம் சீக்கிரம். கலைப்பிரியா மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.