வேடந்தாங்கல் எந்த மாவட்டம்?

"இல்ல அண்ணி. தப்பு."

"இன்னா தப்பு? கூரம் செப்பேடு மகேந்திரவர்மன்தானே?"

"முதலாம் பரமேசுவரவர்மன். போன வாரம் கரெக்டா சொன்னீங்களே."

"போன வாரம் சொன்னது போன வாரத்தோட போச்சு. அடுத்தது கேளு."

"நிதிக்குழு. எந்த ஷரத்து?"

"இருநூத்தி எண்பது."

"பாலாறு எங்க உற்பத்தி ஆவுது?"

"நந்தி மலை. இதெல்லாம் ஒரு கேள்வியாடி?"

"பேப்பர்ல வந்தா இதுக்கும் ஒன்றரை மார்க்குதான் அண்ணி."

கேட்டவள் புவனேஸ்வரி. பதில் சொன்னவள் கலாவதி, புவனாவின் அண்ணன் தினகரனுடைய மனைவி. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தெருவுக்கு நீளவாட்டில் கிடக்கும் அந்த வீட்டின் முன்கூடத்தில், ஒரே தறியில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம் என்று நெய்கிற புடவைக்கு ஒருத்தி போதாது. நடுவில் குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து நெய்வது கலாவதி. வலது ஓரத்தில் சின்னப் பலகை போட்டு உட்கார்ந்து, கரைக்கு மட்டும் நாடா என்கிற நூல்குழலைப் போட்டு, உடல் நூலோடு கோத்து விடுவது புவனா. அன்று உடல் மயில்கழுத்து நிறம், கரை அரக்கு. புவனாவின் மடியில் பொது அறிவுப் புத்தகம் திறந்து கிடந்தது. மூன்று வருஷமாக அது அங்கேதான் கிடக்கிறது. அட்டை போய்விட்டது. பக்க ஓரங்களில் அரக்குச் சாயம் விரல் விரலாக ஏறியிருந்தது.

கலாவதியின் தொடையை ஒட்டி, புடவைக் கொசுவத்தில் பாதி மறைந்து, அவளுடைய போன் கிடந்தது. அதற்குள் ஒரு செய்தி இருந்தது. திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்கு வந்தது. புவனேஸ்வரியின் பதிவு எண்ணைச் சொல்லி, சான்றிதழ்களைப் பதிவேற்றச் சொல்லி, கடைசி நாள் வெள்ளிக்கிழமை என்றும், தவறினால் வாய்ப்பு போய்விடும் என்றும் சொல்லியது. இன்று வியாழக்கிழமை. பகல் இரண்டு மணி தாண்டிவிட்டது.

கலாவதி அதை அழிக்கவில்லை. அழித்திருந்தால் அது ஒரு காரியம் ஆகியிருக்கும். அவள் ஒரு காரியமும் செய்யவில்லை. சும்மாதான் இருந்தாள். நான்கு நாளாகச் சும்மா இருப்பது இத்தனை வேலையாக இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. சோறு வடிக்கும்போதும் சும்மா இருக்க வேண்டியிருந்தது, பல் தேய்க்கும்போதும் சும்மா இருக்க வேண்டியிருந்தது.

புவனாவின் போன் திரை உடைந்து, மூங்கில் மண்டபத்துப் பக்கம் ஒரு கடையில் பத்து நாளாகக் கிடந்தது. இருந்திருந்தாலும் செய்தி அதற்கு வந்திருக்காது. குரூப் ஃபோர் தேர்வுக்கு அவளைப் பதிவு செய்தது கலாவதி. தன் எண்ணைக் கொடுத்து, தன் மெயிலைக் கொடுத்து, போட்டோவைக்கூடத் தானே வெட்டி ஏற்றினாள். "எனக்கு எதுக்கு அண்ணி இதெல்லாம்" என்று புவனா சிரித்தாள். "பரீட்சை சென்டர் எங்க போட்டுத் தொலைப்பானோ, தனியா பஸ் ஏற எனக்கு ஆவாது. துணைக்கு வா, வந்ததுக்கு நீயும் எழுது" என்றாள் கலாவதி.

துணைக்கு. அந்த வார்த்தையைத்தான் அவள் இப்போது திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்று வருஷமாகக் கலாவதியிடம் ஒரு மேசை இருந்தது. யாருக்கும் காட்டாத மேசை. ஏதோ ஓர் அலுவலகத்தில், ஜன்னலை ஒட்டி, கண்ணாடி விரித்து, கண்ணாடிக்கு அடியில் காலண்டர் படம் ஒன்றைச் செருகி வைத்த மேசை. ஜன்னலுக்கு வெளியே புங்க மரம். பதினொன்றரை மணிக்கு யாரோ டீ கொண்டுவந்து வைப்பார்கள். அவள் நிமிர்ந்து பார்க்காமல் "வச்சிட்டுப் போங்க" என்பாள். தறியில் ஒவ்வொரு இழை விழும்போதும் அந்த மேசையில் ஒரு சாமான் கூடும். மசிப்பெட்டி, முத்திரை, ஒரு மணிபிளான்ட். முடிவு வந்து, தேறியவள் புவனா மட்டும் என்று தெரிந்த அன்று அந்த மேசையில் அவளே உட்கார்ந்திருந்தாள். கலாவதி கண்ணை மூடினாலும் அவள் எழுந்திருக்கவில்லை. டீயைக்கூட அவளே குடித்தாள்.

முடிவு வந்தபோது தினகரன் பாதுஷா வாங்கி வந்தான். முதல் பாதுஷா தங்கைக்கு. "எங்க வூட்டு ரத்தத்துலயே படிப்பு இருக்குதுபா, வாய்ப்புதான் கிடைக்கல" என்று தெருவில் போனவர்களை எல்லாம் நிறுத்திச் சொன்னான். எதிர்வீட்டுக் கமலவேணி, "உங்க சம்சாரம்கூடப் படிச்சிக்கினு இருந்திச்சே" என்று கேட்டபோது, "ஆமா ஆமா, கலாவும் இவளுக்குத் துணைக்குப் போய் எழுதிச்சு" என்றான். அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்கு அப்படித்தான் ஞாபகம் இருந்தது. கலாவதி தன் பாதுஷாவை வாயில் போட்டு மென்றாள். இனிப்பாகத்தான் இருந்தது. அதுவும் எரிச்சலாக இருந்தது.

ஏன் தோற்றோம் என்று அவளுக்குத் தெரியும். யாரிடமும் சொல்ல முடியாத காரணம். மூன்று வருஷமும் அவள் காதால் படித்தாள். கால் மிதியை அழுத்தும், கை நாடாவை விடும், புவனா கேட்பாள், இழையை நெருக்கும் பலகை வந்து இடிப்பதற்குள் பதில் வந்துவிடும். தேர்வுக்கூடத்தில் அந்தச் சத்தமே இல்லை. மின்விசிறி மட்டும் சுற்றியது. கேள்விகள் பேசாமல் காகிதத்தில் படுத்துக் கிடந்தன. அவள் தன்னை அறியாமல் பெஞ்சுக்கு அடியில் வலது காலை அழுத்தினாள், இடது காலை அழுத்தினாள். அப்படிச் செய்தபோது இரண்டு மூன்று பதில் எழுந்து வந்தது. மேற்பார்வைக்கு வந்த அம்மாள் குனிந்து, "காலை ஆட்டாதீங்கம்மா, பெஞ்சு ஆடுது, பின்னாடி இருக்கறவங்க வட்டம் போட முடியல" என்றாள். அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. ஏழு கேள்விகளுக்கு 'விடை தெரியவில்லை' என்ற வட்டத்தைக் கறுப்பாக்கிவிட்டு வந்தாள். ஏழுக்கும் விடை அவளுக்குத் தெரியும். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, பஸ் குலுங்க ஆரம்பித்ததும் ஏழும் வரிசையாக வந்தன.

புவனா கண்ணால் படித்தவள். கேள்வி கேட்பவளுக்குப் புத்தகம் தெரியும். எந்தப் பக்கத்தில் எந்த மூலையில் எந்தச் சாயக்கறைக்குக் கீழே விடை இருக்கிறது என்று தெரியும். படிக்கிறோம் என்று தெரியாமலேயே படித்து முடித்துவிட்டாள்.

இது வரைக்கும் கலாவதி பொறுத்துக்கொண்டிருப்பாள். தலையெழுத்து என்று ஒரு வாரம் தலைவலித் தைலம் பூசிப் படுத்து எழுந்திருப்பாள். வேடந்தாங்கல்தான் கெடுத்தது.

போன சனிக்கிழமை தறி ஓடாத நேரத்தில் அவள் தனியாகப் புத்தகத்தைப் புரட்டினாள். பழைய புத்தகம், மாவட்டம் பிரிப்பதற்கு முன்னால் அச்சடித்தது. அதில் 'வேடந்தாங்கல் பறவைகள் சரணாலயம்: காஞ்சிபுரம் மாவட்டம்' என்று இருந்தது. அந்தக் 'காஞ்சிபுரம்' பென்சிலால் அடிக்கப்பட்டு, பக்கத்தில் புவனாவின் குண்டுக் கையெழுத்தில் 'செங்கல்பட்டு' என்று எழுதியிருந்தது. தேர்வில் அந்தக் கேள்வி வந்திருந்தது. கலாவதி காஞ்சிபுரம் என்றுதான் போட்டாள். ஆறாம் வகுப்பில் புளிச்சோறு கட்டிக்கொண்டு வேடந்தாங்கலுக்குப் போன சுற்றுலாவில், டீச்சர் சொன்னது இன்னும் காதில் இருந்தது: நம்ம மாவட்டத்துக்கு எங்கெங்கிருந்தோ பறவை வருது பாருங்க. நம்ம மாவட்டம். அதை யார் மாற்றினாலும் அவள் மனசுக்குள் மாறியிருக்கவில்லை.

அப்படியானால் இவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்து, திருத்தி, தனக்கு மட்டும் வைத்துக்கொண்டு, என்னிடம் வாய் திறக்கவில்லை. இந்த ஒன்றைச் சொல்லாதவள் வேறு எத்தனையைச் சொல்லவில்லையோ!

அந்தப் பென்சில் எழுத்தைத்தான் திங்கட்கிழமையிலிருந்து அவள் பிடித்துக்கொண்டிருந்தாள். நீ சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. கணக்கு சரி. ஒவ்வொரு ராத்திரியும் அதைச் சொல்லிக்கொண்டு தூங்கினாள்.

"அண்ணி, தூங்கிட்டீங்களா? ஸ்கர்வி."

"வைட்டமின் சி."

"வாக்களிக்கிற வயசு இருபத்தொண்ணுலேர்ந்து பதினெட்டு?"

"அறுபத்தொண்ணாவது திருத்தம்."

"சூப்பர். இந்த வாட்டி நீங்கதான் அண்ணி. நான் வேலைக்குப் போனதும் நீங்களும் வந்துடுங்க. ரெண்டு பேரும் ஒரே பஸ்ல போவலாம். எனக்கு ஜன்னல் சீட்டு."

"உனக்குதானே எல்லா ஜன்னலும்."

"இன்னா?"

"ஒண்ணுமில்ல. கேளு."

புவனா பக்கத்தைத் திருப்பினாள். ஓரத்து நாடாவை விட்டாள். பிறகு சிரித்தாள்.

"வேடந்தாங்கல் எந்த மாவட்டம்?"

கலாவதியின் கை நின்றது. "நீயே சொல்லு. நீதானே எழுதி வச்சிருக்கிற."

"ஆமா, நான்தான் திருத்துனேன். எக்ஸாம் எழுதிட்டு வந்த அன்னிக்கி. சுகாசினி வாட்ஸப்ல விடை அனுப்பிச்சா, பாத்தா செங்கல்பட்டாம். வந்த கடுப்புல புத்தகத்துல கோடு போட்டேன். நானும் காஞ்சிபுரம்னுதான் போட்டேன் அண்ணி! சொன்னா எங்கண்ணன் சிரிக்கும்னு யாருக்கும் சொல்லல. நீங்களும் அதான் போட்டேன்னு பஸ்ல சொன்னீங்களே, நாம ரெண்டு பேரும் ஒரே தப்பு போட்டிருக்கோம், இன்னா பொருத்தம் பாருங்க."

அவள் சொன்ன விதத்தில் ஒளிவு ஒன்றுமில்லை. சிரிப்பில் முன்பல் இரண்டும் தெரிந்தது. கலாவதி வேகமாக மிதியை அழுத்தினாள், நாடாவை விட்டாள், பலகையை இழுத்து இடித்தாள். இன்னொரு முறை. இன்னொரு முறை. நான்கு நாளாகப் பிடித்துக்கொண்டிருந்த பென்சில் எழுத்து கையிலிருந்து நழுவிப் போய்விட்டது. மிச்சம் இருந்தது வெறும் எரிச்சல், சொல்லிக்கொள்ள ஒரு காரணமும் இல்லாமல். பிடிக்கவும் முடியவில்லை, போடவும் முடியவில்லை. போனின் ஓரம் தொடையில் குத்தியது.

"அண்ணி, அண்ணி, நிறுத்துங்க! நான் நாடா விடல, நீங்க அடிச்சிக்கினே போறீங்க. கரை கோக்கலை பாருங்க."

பார்த்தாள். மயில்கழுத்தும் அரக்கும் சேர வேண்டிய இடத்தில் ஓர் அரிசி நீளத்துக்குப் பிளவு விட்டிருந்தது. விளக்கைப் பிடித்தால் மறுபக்கம் தெரியும். மூன்று வருஷத்தில் இந்தத் தறியில் இப்படி விழுந்ததில்லை.

"பிரிச்சிடலாம் அண்ணி, நாலு இழைதான். நான் இங்க பிடிச்சிக்கிறேன், நீங்க மெதுவா எடுங்க." புவனா புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் கரைக்குள் கொடுத்து இழைகளை விரல்களுக்கிடையே பிரித்துப் பிடித்துக்கொண்டாள். கையை எடுத்தால் அரக்கு இழை முழுவதும் சிக்கிவிடும்.

வாசலில் ஸ்கூட்டர் ஒன்று வந்து நின்றது. எஞ்சினை அணைக்காமலேயே ஒருத்தி எட்டிப் பார்த்தாள். டியூஷனில் புவனாவோடு படித்த சுகாசினி. ஹெல்மெட்டுக்குள்ளிருந்து முகம் பாதிதான் தெரிந்தது.

"புவனா! உன் போன் இன்னும் வரலியா? எத்தினி வாட்டி அடிக்கறது?"

"டிஸ்ப்ளே வரலயாம்பா. இன்னா விசயம்?"

"குரூப் ஃபோர்ல வந்தவங்களுக்கு மெசேஜ் வந்துக்கினு இருக்குதாம். சர்ட்டிபிகேட் அப்லோட் பண்ணச் சொல்லி. நம்ம கிறிஸ்டோபருக்கு வந்துடுச்சு. ரேங்க்ல உனக்குக் கீழதானே அவன்? உனக்கு வந்துருக்கணுமே?"

"எப்ப கடைசி நாளாம்?"

"அதைக் கேக்க மறந்துட்டேன்டி. மெசேஜ்லயே இருக்கும், பாரு. நான் ஓரிக்கைக்குப் போவணும், அம்மா நின்னுக்கினு இருப்பாங்க. வரேன்கா!" கடைசிச் சொல் கலாவதிக்கு. ஸ்கூட்டர் தெருமுனையில் ஆரன் அடித்துத் திரும்பியது.

கூடம் அமைதியானது. பின்கட்டில் குழாயில் தண்ணீர் சொட்டியது. தேர்வுக்கூடத்தில் இருந்த அதே அமைதி என்று கலாவதிக்குத் தோன்றியது. கேள்வி எதிரில் இருக்கிறது, விடை தெரியும், கால் மட்டும் அசைய மறுக்கிறது. 'எனக்கு ஒண்ணும் வரலியே' என்று சொல்லிவிடலாம். நாளை சாயங்காலம் வரைக்கும் சொன்னால் போதும். அதற்குப் பிறகு யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். கேட்டாலும், எத்தனை விளம்பரச் செய்தி வருகிறது, அதில் எது போயிற்றோ என்றால் புவனா நம்பிவிடுவாள். அவள் எதைத்தான் நம்பவில்லை! அந்த மேசை காலியாகிவிடும். ஜன்னல், புங்க மரம், கண்ணாடிக்கு அடியில் படம். ஆனால் காலியான நாற்காலியில் தான் உட்காரும் காட்சி, எவ்வளவு முயன்றும், அவளுக்கு வரவில்லை.

அவள் பிளவின் மேல் குனிந்து, நகத்தால் முதல் இழையைத் தேடினாள். அகப்படவில்லை.

புவனா இரண்டு கைகளும் பட்டுக்குள் மாட்டியபடி, தலையை மட்டும் திருப்பி அவளைப் பார்த்தாள். முகத்தில் சந்தேகம் ஒன்றுமில்லை. நெற்றியில் முடி விழுந்து கண்ணை மறைத்தது. அதை ஊதி ஒதுக்கிவிட்டுச் சொன்னாள்:

"அண்ணி, என் கை ரெண்டும் இங்க மாட்டிக்கினு இருக்குது. உங்க போனை எடுத்து, எனக்கு ஏதாச்சும் வந்திருக்குதான்னு ஒரே ஒரு வாட்டி பாத்துச் சொல்லுங்களேன்."