இடிக்கு ஒரு சின்னப் பெட்டி

குழுவில் எல்லோரும் அவனை 'இடி' என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் எலெக்ட்ரிக் கிடாரை எடுத்தால் பக்கத்து அறைக் கதவு அதிரும். அன்று காலை ஒத்திகையில் அவனுடைய பெரிய ஸ்பீக்கர் பெட்டி கரகரவென்று இருமிவிட்டு ஒரேயடியாக அடங்கிப்போனது. சாயங்காலம் ஓட்டலில் கச்சேரி. குழுவில் பாடுகிற அவன் அக்கா, கிடாரையும் ஆம்ப்ளிஃபயரையும் காரில் ஏற்றிக்கொண்டு அவனோடு கடைக்கு வந்தாள்.

"பின்சீட்டுல அடங்குற மாதிரி சின்னதா பாரு. மேடையும் சின்னதுதான்."

கடைக்காரர் இரண்டு சிறிய பெட்டிகளை அருகருகே வைத்தார். இரண்டிலும் ஒற்றை ஸ்பீக்கர். ஒன்று முதுகு மூடியது. சத்தம் நேராகப் பாயும். மற்றது முதுகு திறந்தது. சத்தம் நாலாபக்கமும் பரவும். "ரெண்டுமே உங்க ஆம்ப்ளிஃபயருக்குப் பொருந்தும் சார்," என்று அவர் முடிப்பதற்குள் இடி ஒயரைச் செருகிவிட்டான்.

மூடிய பெட்டியில் வாசித்தான். முகம் சுளித்தான்.

"மந்தமா இருக்கு. போர்வைக்குள்ளேருந்து வர்ற மாதிரி."

கூர்மையான ஒலிக்கான ட்ரெபிள் குமிழை முழுக்கத் திருகினான். கண்ணாடி அலமாரி நடுங்கியது. கடைக்காரர் காதைப் பொத்திக்கொண்டார். அக்காவுக்குப் பல் கூசியது.

"டேய், குறைடா!"

"இன்னும் வரலையேக்கா."

"எது வரல?"

அவன் அடுத்த குமிழுக்குப் போனான். அவள் அவனுடைய இடது காதைப் பார்த்தாள். கொஞ்ச நாளாகவே இடப்பக்கமிருந்து கூப்பிட்டால் அவன் திரும்புவதில்லை. திமிர் என்று நினைத்து அவள் சண்டைகூடப் போட்டிருந்தாள்.

"கிடாரைக் குடு. சுவரைப் பார்த்து நில்லு. எந்தப் பெட்டியில வாசிக்கிறேன்னு சொல்லு."

"விளையாடுறியா? நேரமாகுது."

"நில்லுடா."

நின்றான். அவனுடைய இடது காது பெட்டிகளின் பக்கம். வலது காது கடைவாசல் பக்கம். வெளியே ஒரு லாரி உறுமிக்கொண்டிருந்தது. அக்கா சத்தத்தை இறக்கி, மெல்லிய கம்பியை மீட்டினாள். காத்திருந்தாள். மறுபடி மீட்டினாள். கடைக்காரர் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"சீக்கிரம் வாசிக்கா," என்றான் அவன்.

அவன் திரும்பி இருவர் முகத்தையும் பார்த்தான்.

"வாசிச்சிட்டியா?"

"எப்போலேருந்துடா?"

"லாரி சத்தத்துல..."

"எப்போலேருந்துன்னு கேட்டேன்."

"மழைக்காலத்துலேருந்து. இடது காதுல ஒரே விசில் சத்தம். வேற எதுவும் சரியா விழல. தெரிஞ்சா வேற ஆளைப் போட்டுடுவீங்க."

"போட்டுடுவீங்களா? அந்த 'நீங்க'ல நானும் சேர்த்தியா?"

அறைய ஓங்கிய கை அவன் தோளில் போய் விழுந்தது; அங்கேயே நின்றுவிட்டது. கடைக்காரர் எதையோ தேடுவதுபோல உள்ளே போனார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் திறந்த பெட்டியைக் காட்டினாள். "இதை எடு. நாற்காலி மேல, உன் வலப்பக்கம் வைப்போம். இத்தனை நாள் தரையில வெச்சு முழங்காலுக்கு வாசிச்சுக் காட்டினியே, முழங்காலுக்குக் காதா இருக்கு?"

அவனுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

சாயங்காலம் மேடையில் சத்தக் குமிழ்களை அவளே திருகி வைத்தாள். "கை வெச்சேன்னா மைக்லயே மானத்தை வாங்கிடுவேன்." இரண்டாவது பாட்டில் அவன் விரல் தானாகக் குமிழை நோக்கி நகர்ந்தது. அவள் பாடிக்கொண்டே அவனை முறைத்தாள். விரல் கம்பிக்குத் திரும்பியது. நெற்றி வியர்க்க, கடைசிப் பாட்டுவரை அவன் அந்தக் குறைந்த சத்தத்திலேயே தாக்குப்பிடித்தான்.

மறுநாள் காது டாக்டர் ஒளிக்காமல் சொன்னார்: இடது காதில் போனது திரும்ப வராது, மிச்சம் இருப்பதைக் காப்பாற்றலாம். அடுத்த ஒத்திகையில் இடி தானே எல்லோரிடமும் சொன்னான். அக்கா, குழுவை நடத்துகிற டிரம்மரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டிரம்மர் குச்சிகளைக் கீழே வைத்தார்.

"எனக்கும் ராத்திரில விசில் அடிக்குதுடா," என்றார். "அந்த டாக்டர் நம்பரைக் குடு."