பன்றி சுடாத திருநாள்

எங்கள் ஊரில் உழவர்களைக் காக்கும் புனிதர் சான் இசித்ரோவின் திருநாளன்று யாரும் வீட்டுக் கதவைச் சாத்துவதில்லை. தெரிந்தவன், தெரியாதவன், தெரிந்தவனின் மச்சான், இறங்க வேண்டிய ஊரைத் தவறவிட்ட பஸ் பயணி, யார் படியேறினாலும் தட்டைக் கையில் கொடுத்துச் சாப்பிடச் சொல்ல வேண்டும். சாயங்காலம் அண்டா காலியாக இருந்தால் அந்த வீட்டுக்குப் பெருமை. நிறைந்து கிடந்தால் ஊர் அந்தப் படியை மிதிக்கவில்லை என்று அர்த்தம். அந்த அவமானம் அடுத்த திருநாள் வரைக்கும் கூடவே வரும்.

அதற்குப் பயந்துதான் கல்யாணமான நாளிலிருந்து வருடா வருடம் நாங்கள் முழுப் பன்றியைத் தணலில் சுட்டு வைத்தோம். நாங்கள் என்றால், முச்சக்கர வண்டி ஓட்டும் என் புருஷன் கிளேட்டோவும், அவன் கொண்டு வருவதை வைத்துக் குடும்பம் நடத்தும் நானும். பன்றியைக் கடனுக்கு வாங்குவோம். ஊர் ஒரே பகலில் தின்று தீர்க்கும். நாங்கள் கிறிஸ்துமஸ் தாண்டியும் கருவாட்டைக் கடித்துக்கொண்டு கடன் அடைப்போம். அத்தனை வருடத்தில் ஒரு துண்டுத் தோல்கூட நான் உட்கார்ந்து தின்றதில்லை. பரிமாறுகிறவளுக்கு எங்கே நேரம்?

இந்த வருடமும் பன்றிக்காரனிடம் சொல்லிவைக்கக் கிளம்பினேன். கிளேட்டோ வண்டிக்குக் காற்றடித்துக்கொண்டே தடுத்தான்.

"இந்தத் தடவ பன்னி வேணாம், கோரிங்."

"என்னது?"

"போன வருஷத்துக் கடன் இப்பத்தான் முடிஞ்சுது. நிம்மதியா தூங்கிப் பழகிட்டேன். அத விட்டுக்குடுக்க மனசு வரல."

"யோவ், அப்ப வர்றவங்களுக்கு என்னத்த வைக்கிறது? உன் கொறட்டையவா?"

"வெள்ளிக்கிழம வைப்பியே, பயறும் முருங்கக் கீரையும். அத வையி. நான் தட்டு தட்டா சாப்பிடுவேனே."

எனக்கு வந்த கோபத்தில் அவனோடு பேச்சையே நிறுத்தினேன். விடுவிடுவென்று பன்றிக்காரன் வீடு வரைக்கும் நடந்தும் போனேன். ஆனால் கேட்டருகே போனதும் கால் உள்ளே போகவில்லை. யோசித்துப் பார்த்தால் நானும் நன்றாகத்தான் தூங்கிக்கொண்டிருந்தேன். காலையில் யார் கதவைத் தட்டினாலும் நெஞ்சு அடித்துக்கொள்ளாமல் போய்த் திறக்கிறேன். அதைத் திரும்பக் கொடுக்க எனக்கும் மனது வரவில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

செய்தி எதிர்வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே இருப்பது கிளேட்டோவின் அக்கா பெனிங். மகன் கப்பலில் வேலை செய்கிறான். மாடி வீடு.

"திருநாளுக்குப் பயறா? ஏன்டி, என் தம்பிக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கான் மதினி. யோசனையே அவனோடதுதான்."

"ஊரு சிரிக்கும்டி. நான் ரெண்டு பன்னி சுடுறேன். ஒன்ன உன் வாசல்ல வைக்கச் சொல்லவா? கேட்டா உன்னதுன்னு சொல்லிக்க."

"வேணாம் மதினி. ரெண்டும் அங்கயே இருக்கட்டும். என் வாசல் சின்னது."

வீறாப்பாகச் சொல்லிவிட்டேனே தவிர, எனக்கும் பயம்தான். திருநாள் காலையில் பூண்டும் தக்காளியும் தாளித்து, புகையில் வாட்டிய மீனை உதிர்த்துப் போட்டு, வேலியோரத்து முருங்கையை மொட்டையடித்து, அண்டா நிறையப் பயறு சமைத்தேன். சாமி ஊர்வலம் போனது. பூமாலை போட்ட எருமைகள் போயின. பின்னால் வந்த கூட்டம் மொத்தமும் எங்கள் வீட்டைத் தாண்டி, பன்றி மணத்தைப் பிடித்துக்கொண்டு எதிர்வீட்டுக்குள் போனது. உச்சி வெயில் ஏறியும் என் வாசலில் ஒரு செருப்பு இல்லை. கிளேட்டோ ஓலையால் ஈ விரட்டிக்கொண்டிருந்தான்.

"நீயும் உன் தூக்கமும்!" என்று அவன் மேல் பாய்ந்தேன்.

அப்போதுதான் ஊர்வலத்தில் மேளம் அடித்த பொன்சோ வேர்க்க விறுவிறுக்க வந்து எட்டிப் பார்த்தான்.

"அக்கா, இங்க பன்னி இல்லேன்னாங்க. நெசமா?"

"நெசந்தான். அதுக்கு என்ன இப்போ?"

"அப்பாடா! காலைலேர்ந்து எந்தப் படி ஏறுனாலும் பன்னி. கொழுப்பு தொண்டயிலயே நிக்குது. அந்தக் கீரயக் கொஞ்சம் ஊத்துங்க, புண்ணியமாப் போகும்."

அவன் வழித்துச் சாப்பிட்டுவிட்டுப் போய் வாத்தியக் கோஷ்டியையே இழுத்து வந்தான். அப்புறம் ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை போடுகிற கிழவர்கள் வந்தார்கள். வாயும் வயிறுமாக இருந்த டீச்சர் வந்து இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கினாள். பெனிங் மதினி வீட்டு விருந்தாளிகளே, அவள் திரும்புகிற நேரம் பார்த்துத் தெருவைத் தாண்டி நழுவி வந்தார்கள். வாசலில் யார் செருப்பு எது என்று தெரியாமல் சண்டை. வெயில் தாழ்வதற்குள் கரண்டி அண்டாவின் அடியைச் சுரண்டியது. காலி அண்டாவைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தேன். ஒருத்தருக்கும் ஒரு காசு தர வேண்டியதில்லை. வந்த எல்லோரும் வயிறு குளிர்ந்து போயிருக்கிறார்கள். சான் இசித்ரோவே, இது போதுமப்பா என்று வாய்விட்டே சொன்னேன்.

சொன்னதும் பசித்தது.

"எதிர்வீட்டுக்குப் போவோமா?" என்றான் கிளேட்டோ. "அங்கயும் கதவு தொறந்துதான கெடக்கு."

கல்யாணமானதிலிருந்து திருநாளன்று நான் இன்னொருத்தர் வீட்டு விருந்தாளியாகப் போனதே இல்லை. முகம் கழுவிப் பவுடர் போட்டுக்கொண்டு போனேன்.

பெனிங் மதினி மேஜைக்குப் பின்னால் தனியாக நின்றிருந்தாள். ஒரு பன்றி பாதி. இன்னொன்று வெட்டப்படாமல் அப்படியே.

"சாப்பிடவா வந்தே?"

"ஆமா மதினி, பசி உயிர் போகுது."

குத்திக் காட்டுவாள் என்று நினைத்தேன். அவளோ பரபரவென்று மொறுமொறுப்பான தோலாகப் பார்த்து என் தட்டில் அடுக்கினாள். உட்கார்ந்து, நிதானமாக, எண்ணெய் முழங்கை வரை வழியத் தின்றேன். கடனில்லாத பன்றிக்கு இத்தனை ருசி இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

மதினி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கோரிங், அந்தப் பயறு மிச்சம் இருக்கா? காலைலேர்ந்து நின்னுக்கிட்டே இருக்கேன். ஒரு வாய் உள்ள போகல. இதப் பாத்தாலே கொமட்டுது."

எனக்குப் பாவமாகிவிட்டது. அவள் கையைப் பிடித்து எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தேன். டப்பாவில் ஒரு சிறங்கை பயறு இருந்தது. கிளேட்டோ அடுப்பை மூட்டினான். மதினி பட்டுச் சட்டையோடு எங்கள் படியிலேயே உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிப் போட்டு, வீங்கின காலை நீட்டிக்கொண்டாள். சூடாக ஊற்றிக் கொடுத்ததை ஊதி ஊதிக் குடித்தாள். காலிக் கிண்ணத்தை என்னிடம் நீட்டினாள்.

"அடுத்த வருஷம் எனக்கு ஒரு பன்னி போதும்ல?"

"ஒங்களுக்கு ஒன்னு போதும் மதினி," என்றேன். "எங்களுக்கு ஒங்களுது போதும்."

புரை ஏறுகிற வரைக்கும் சிரித்தாள்.