பக்கத்து இருக்கையின் காது

...தோல் நிறம், சாம்பல் இல்லை, பெட்டிக்குள் கிடப்பது தோல் நிறம், அப்படியென்றால் அது காது மெஷினின் பழைய ஜோடி, பழையது பெட்டியில் இருக்கிறது என்றால் புதியது எங்கே இருக்கும், வேறெங்கே, காதில்தான் இருக்கும்... சுங்கச்சாவடி வரிசையில் முன்னால் நின்ற லாரி நகர்ந்துவிட்டது, பின்னால் எவனோ ஹாரனை விடாமல் அழுத்துகிறான், அவன் கிளட்சை விட்டுக் காரை உருட்டினான், தடுப்புக் கட்டை மேலே போனது, கண் மட்டும் டேஷ்போர்டின் மேலிருந்த அந்தச் சின்னக் கண்ணாடி மூடிப் பெட்டியை விட்டு வரமாட்டேன் என்றது. பக்கத்து இருக்கையில் அத்தை, அதாவது அவன் மனைவியின் அம்மா, தலையைக் கதவுக் கண்ணாடியில் சாய்த்து கண்ணை மூடியிருந்தார். மேற்கு வெயில் அவர் பக்கம் விழுந்தது. நரைமுடிக்கும் காதுமடலுக்கும் நடுவே ஒரு மெல்லிய ஒயர் மின்னியது, இன்னொரு நரைமுடி போல, தெரியாதவன் பார்த்தால் முடி என்றே நினைப்பான், ஆனால் அவனுக்கு எப்படித் தெரியாமல் போகும், அந்த ஒயரைக் காதின் அளவுக்குப் பார்த்துத் தேர்ந்தெடுத்து மாட்டியவனே அவன்தானே.

காது மெஷின் விற்பதும் அதைக் காதுக்குத் தக்கபடி அமைத்துக் கொடுப்பதும்தான் அவன் தொழில். வீட்டில் எல்லோருக்கும் அவன் 'காதுக்காரன்'. அத்தையின் பழைய மெஷின் ஒரு கழுதை, எது வந்தாலும் சுமக்கும், பேச்சையும் பெரிதாக்கும், டயர் இரைச்சலையும் பெரிதாக்கும், அதனால் வண்டியில் ஏறியதும் அவர் அதைக் கழற்றிப் பெட்டியில் போட்டுவிடுவார், வருஷக்கணக்கில் அதுதான் வழக்கம். பெட்டி டேஷ்போர்டுக்கு வந்தால் அத்தை உலகத்தை விட்டுக் கிளம்பிவிட்டார் என்று அர்த்தம். புதியது அப்படி இல்லை. அதற்கு ஒரு சின்ன யோசனை உண்டு, மாறாமல் இருப்பது எதுவோ அது இரைச்சல், மாறிக்கொண்டே இருப்பது எதுவோ அது பேச்சு. டயரின் ஓசை ஒரே சீராக ஓடுகிறதா, அமுக்கு. திடீரென்று எழுந்து, விழுந்து, நின்று, மறுபடி எழுகிறதா, அது மனிதக் குரல், தூக்கு. இன்னும் ஒன்று, சாதாரணமாக மெஷினின் மைக் முன்னால் பார்த்துத்தான் கேட்கும், மனிதர்கள் எதிரெதிரே நின்று பேசுகிறவர்கள் என்பதால். காரில் யார் எதிரே உட்காருகிறார்கள்? அதனால் போன வாரம் கடையைச் சாத்தியபின் உட்கார்ந்து, அத்தையை மச்சான் வீட்டில், அதாவது அவர் மகன் வீட்டில், கொண்டுபோய் விடும் இந்தப் பயணத்துக்கென்றே தனி அமைப்பு ஒன்று செய்தான், பக்கவாட்டில் கேட்கும்படி, குறிப்பாக ஓட்டுகிறவர் பக்கத்திலிருந்து வருவதைத் தூக்கிக் கொடுக்கும்படி. போட்டுப் பார்த்துவிட்டு அத்தை சிரித்தார், "அப்ப ரோடு பூரா பேசிக்கிட்டே போலாம், மாப்ள."

சுவருக்கும் காது உண்டு என்பார்கள், பக்கத்து சீட்டுக்குக் காது வைத்ததே அவன்தான், வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து... சே. பேசிக்கொண்டுதான் வந்தார்கள், டீ குடிக்க நிறுத்தும் வரைக்கும். அங்கே அத்தை முகம் கழுவப் போனார், கழுவும்போது மெஷினைக் கழற்றத்தான் வேண்டும், திரும்பி வந்து பையில் எதையோ துழாவினார், பையிலிருந்ததை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தார், மாத்திரை, சீப்பு, இந்தப் பெட்டி. பெட்டியை டேஷ்போர்டில் பார்த்தான், சரி, பழைய வழக்கம், தூங்கப் போகிறார் என்று நினைத்துக்கொண்டான். புதியதில் சார்ஜ் இறங்கிவிட்டால் என்ன செய்வது, பழையதையும் கையோடு எடுத்துக்கோங்க அத்தை என்று சொன்னவன் யார்? அதுவும் அவன்தான். எத்தனை ஜாக்கிரதை. அத்தனை ஜாக்கிரதையும் போய் ஒரே இடத்தில் குழி வெட்டி வைத்திருந்தது.

பெட்டி வந்த கொஞ்ச நேரத்தில் அக்காவின் போன். ஒற்றைக் காதில் இயர்போனைச் செருகிக்கொண்டான். அக்கா எடுத்த எடுப்பிலேயே, "என்னடா காதுக்காரா, கூட யாரு, உன் மாமியாரா? பேசலாமா?" என்றாள். அங்கேயாவது நிறுத்தியிருக்கலாம், ஓட்டிக்கிட்டு இருக்கேன் அப்புறம் பேசறேன் என்று சொல்லியிருக்கலாம். "தாராளமா பேசு. மெஷினு பெட்டிக்குள்ள. இப்ப டயர் வெடிச்சாக்கூட கண்ணத் திறந்து பாத்து 'ஊர் வந்திருச்சா'ன்னுதான் கேப்பாங்க." அக்கா சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் சாராயம் மாதிரி, ஒரு வாய் உள்ளே போனதும் இன்னொரு வாய் கேட்டது. "அங்க ஒரு மாசந்தானே?" என்றாள் அக்கா. "மாசம்னு சொல்லியிருக்கு. மச்சான் வீட்டுல செட் ஆயிட்டா அப்படியே விட்டுட வேண்டியதுதான். அவங்க பொண்ணுகிட்ட இன்னும் சொல்லல, மெதுவாச் சொல்லிக்கலாம். நானும் எத்தனைதான் கத்துவேன், சொல்லு, கடையில நாள் முழுக்கக் கத்திட்டு வீட்டுக்கு வந்தா அங்கயும் ஒரு கஸ்டமர்." அதோடாவது... இல்லை, அதோடு நிற்கவில்லை. "டீ வேணுமா அத்தைன்னு கேட்டா, ஆங்? டீ! ஆங்ங்? நான் குடிச்சு முடிச்சு டம்ளரைக் கழுவி வெச்சப்புறம், எனக்கு இல்லையா மாப்ள?" மோவாயைத் தூக்கி, வாயைக் கொஞ்சம் பிளந்து, ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்துக் காதுக்குப் பின்னால் குவித்துக்கூட வைத்தான், போனில் அக்காவுக்கு அந்தக் கை எப்படித் தெரியும்? யாருக்காக அந்தக் கை? அக்கா இருமல் வரும் அளவுக்குச் சிரித்தாள். இரண்டாவது 'ஆங்'கை அவன் இழுத்த இழுப்பு அச்சாக அத்தையுடையது, கடைசியில் லேசாக ஏறும் அந்தச் சுருதி உட்பட. நன்றாக வந்தது என்று ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டான்.

சாலை வடக்கே ஒரே நேர்கோடாகப் போகிறது. இரண்டு பக்கமும் தட்டையான நிலம், மக்காச்சோளம் அறுத்து முடித்த தாள், அதற்கப்பால் காற்றாலைகள், எல்லாம் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு. ஒரு மேடு இல்லை, ஒரு வளைவு இல்லை, முகத்தை மறைத்துக்கொள்ள ஒரு மரத்தின் நிழல்கூட இல்லை. கேட்டிருப்பாரா? தூங்கியிருக்கலாம். தூங்குகிறவருக்கும் காது திறந்துதானே இருக்கிறது, கண்ணுக்குத்தான் இமை, காதுக்கு ஏது... இல்லை, நிதானமாக யோசி. முகம் கழுவிவிட்டு மாட்டும்போது சரியாக உள்ளே போகாமல் இருந்திருக்கலாம், பாதி உள்ளே போனால் கீச்சென்று விசில் அடிக்கும், விசில் கேட்கவில்லை, ஆக ஒழுங்காகத்தான் மாட்டியிருக்கிறார். சார்ஜ்? நேற்றிரவு அவனே போட்டான், முழுக்க. அமைப்பு மாறியிருக்குமா? மாறாது, கார் இரைச்சலைக் கேட்டதும் தானாகப் பயண அமைப்புக்குப் போய்விடும், அப்படித்தானே செய்து வைத்தான். ஒவ்வொரு கதவாகத் தள்ளிப் பார்த்தான், எல்லாவற்றையும் அவனே உள்பக்கமாகத் தாழ் போட்டிருந்தான். இன்னும் கேவலம், அவன் பக்கத்துக் குரலைத் தூக்கிக் கொடு என்று அந்த மெஷினிடம் சொல்லி வைத்திருந்தானே, அது சொன்னபடி செய்திருக்கும், பாவம், ஒரு எழுத்தைக்கூட விட்டிருக்காது.

கடைக்கு வரும் பிள்ளைகள் எல்லோருக்கும் அவன் ஒரு பாடம் நடத்துவான். அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்து, "எதச் சொன்னாலும் ஆங் ஆங்னு உயிர வாங்கறாங்க சார்" என்பார்கள். "சந்தோஷப்படுங்க" என்பான். "ஆங்குன்னா என்ன? நீ சொன்னது பாதிதான் வந்துச்சு, மீதியும் எனக்கு வேணும்னு அர்த்தம். கதவத் தட்டற சத்தம் அது. தட்டறவங்களத் திட்டினா ஒருநாள் நிறுத்திருவாங்க. அதுக்கப்புறம் எதுக்கும் தலையாட்டுவாங்க, சிரிப்பாங்க, நீங்களும் ஆஹா இப்ப பரவாயில்லையேன்னு நினைச்சுக்குவீங்க. அப்புறம் எந்த மெஷினும் உதவாது." எவ்வளவு அழகாகச் சொல்வான். சிலபேர் கண்கூடக் கலங்குவார்கள். ஒரு மருமகள் கைகூப்பியிருக்கிறாள்.

அத்தை கண்ணைத் திறந்தார். அவன் முதுகு தானாக நிமிர்ந்தது. அவர் காதோரம் கையைக் கொண்டுபோய் முடியை ஒதுக்கினார், மெதுவாக, கை அங்கே கொஞ்சம் தங்கியது, பிறகு மடியிலிருந்த பையிலிருந்து ஓர் ஆரஞ்சை எடுத்து உரிக்கத் தொடங்கினார். கார் முழுக்க ஆரஞ்சு மணம். முகத்தைப் பார்க்கலாம் என்று ஓரக்கண்ணால் பார்த்தான், கோபம் என்று எதுவும் இல்லை, அழுத மாதிரியும் இல்லை, நார் எடுப்பதிலேயே கவனமாக இருந்தார், வெள்ளை நார் ஒன்று விடாமல், அவனுக்கு நார் பிடிக்காது. சுளையை அவன் பக்கம் நீட்டினார். வாங்காமல் இருக்க முடியுமா? வாங்கி வாயில் போட்டான், இனித்தது, இனிக்காமல் இருந்திருக்கலாம். அடுத்த சுளை. அதற்கும் நார் எடுத்திருந்தது. கேட்டிருந்தால் உரித்துக் கொடுப்பாரா? கேட்கவில்லை, நிச்சயம் கேட்கவில்லை, கேட்ட எந்த மனுஷியும்... ஏன், கொடுப்பார், கேட்டாலும் கொடுப்பார், அவர் அப்படித்தான், அதனால் சுளையை வைத்து எதையும் சொல்ல முடியாது.

கேட்டுவிடலாமா? 'அத்தை, நான் அக்காகிட்ட பேசினது...' எப்படி முடிப்பது அதை? கேட்கவில்லை என்றால், என்ன பேசினீங்க என்று கேட்பார். கேட்டிருந்தால், இல்லையே மாப்ள, தூங்கிட்டேன் என்பார். இரண்டு பதிலும் ஒரே மாதிரிதான் ஒலிக்கும். அப்போது புத்திக்கு ஒரு வழி தோன்றியது, தோன்றியதற்கும் வெட்கப்பட்டான், தோன்றிவிட்டது. கடையில் சத்தம் புகாத சின்ன அறையில் வாயை அட்டையால் மறைத்துக்கொண்டு மெல்லச் சொல்வான், கல், பல், நெல், வில், எதிரே இருப்பவர் திருப்பிச் சொல்ல வேண்டும், எதற்குத் தடுமாறுகிறார் என்று பார்த்தால் காது எங்கே ஓட்டையாகி இருக்கிறது என்று தெரிந்துவிடும். இங்கே அட்டை வேண்டாம், சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னால் போதும், உதடு தெரியாது. "ஏசியக் குறைக்கட்டுமா, அத்தை?" மெதுவாகத்தான் சொன்னான். அத்தை தலையாட்டினார். குறைத்தான். ஆக கேட்கிறது. கொஞ்ச தூரம் விட்டு, இன்னும் மெதுவாக, "கழுத்து வலிக்குதா?" என்றான். ஒரு சிரிப்பு, ஒரு தலையாட்டல். வலிக்கிறது என்றா, இல்லை என்றா? சரி, எப்படியானாலும் கேட்கிறது, இவ்வளவு மெதுவாகச் சொன்னதே கேட்கிறது என்றால் அது எப்படிக் கேட்காமல் இருக்கும், அந்த இழுத்த ஆங், அந்த 'அப்படியே விட்டுட வேண்டியதுதான்'... இவரா டீக்கு இரண்டு தடவை ஆங் என்றவர்... ஒரு தடவை நடந்தது அது, ஒரே ஒரு தடவை, அவன் அடுத்த அறையில் நின்றுகொண்டு கேட்டிருந்தான், முகம் காட்டாமல், கடையில் எல்லோருக்கும் அப்படிச் செய்யாதீர்கள் என்று சொல்கிற காரியம்.

கிடங்குகள் வர ஆரம்பித்தன, பிறகு டயர் கடைகள், கட்டி முடிக்காத அடுக்குமாடிகள், சமவெளி எங்கே முடிந்தது என்று கவனிக்கவே இல்லை. தலைக்கு மேல் பச்சைப் பலகைகள். நகரம் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றது, மேம்பாலம் ஒரு பக்கம், கீழ்ச் சாலை ஒரு பக்கம். மச்சான் வீட்டுக்கு எது பக்கம் என்பது அவனுக்கு எப்போதும் குழப்பம், அத்தைக்குத்தான் தெரியும், போன தடவை அவர்தான் விரல் நீட்டி வழி சொன்னார். வண்டிகள் நெருக்கின. தீர்மானித்துவிட்டான், வீட்டுக்குள் நுழைவதற்கு முன்னால் எங்காவது ஓரம் கட்டி, முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவது, தப்பு பண்ணிட்டேன் அத்தை, அவ்வளவுதான், இவரிடம் சொல்லாமல் வேறு யாரிடம்... முதலில் இந்தப் பிரிவைத் தாண்டட்டும்.

"அத்தை, மேலயா, கீழயா?"

அத்தை அவன் முகத்தைப் பார்த்தார். உதட்டை இல்லை, கண்ணையும் இல்லை, பொதுவாக, பழகிய ஒரு முகத்தைப் பார்ப்பதுபோல. சிரித்தார். "சரிங்க மாப்ள" என்றார்.

மேலயா கீழயா என்றதற்கு, சரி. அவன் காத்திருந்தான். மோவாய் மேலே போகவேண்டும், வாய் கொஞ்சம் பிளக்கவேண்டும், கடைசியில் லேசாக ஏறும் அந்தச் சுருதி வரவேண்டும். வரவில்லை. ஏசிக்கு ஆட்டியது, கழுத்துக்கு ஆட்டியது, எல்லாமே இந்தச் 'சரி'தானா? முடியை ஒதுக்கப் போன அந்தக் கை அங்கே எதற்குத் தங்கியது? விரலை வெச்சு, ஒரு மூச்சு விடற நேரம் அமுக்கிப் பிடிங்க அத்தை, மெஷினு அணைஞ்சிரும் என்று சொல்லிக்கொடுத்தவன்... மனம் டீக்கடைக்கு ஓடி, அங்கிருந்து மெல்லத் திரும்பி வந்தது, வரும் வழியெல்லாம் தேடிப் பார்த்தது, ஒரு ஆங் இல்லை. அந்தப் போனுக்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. பின்னால் ஹாரன்கள். எந்தப் பக்கம் என்று தெரியாமலே இண்டிகேட்டரைத் தட்டிவிட்டான், அது டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருந்தது, அத்தை ஆரஞ்சுத் தோல்களை ஒரு காகிதத்தில் பத்திரமாக மடித்துக்கொண்டிருந்தார்.