கணவனின் சம்மதத்துடன்

அப்பா வெள்ளிக்கிழமை மீன்குழம்பு கேட்டார். கையெழுத்து வைப்பதற்கு அவர் கேட்டது அது ஒன்றுதான்.

கொக்குவிலில் நாங்கள் இருக்கும் வீடு அம்மாவின் சீதனம். வீட்டு உறுதிப் பத்திரத்தில் அம்மாவின் பெயர் மட்டுமே இருக்கிறது. கூரை ஒழுகத் தொடங்கி, அறைகளில் வாளி வைத்து வாளி வைத்து அலுத்துப்போய், அம்மா சுன்னாகத்தில் சின்னதாக ஒரு வீடு பார்த்திருந்தார். தெருவைப் பார்த்த முன்னறை. தையல் மெஷின் இரண்டையும் அங்கே போட்டால், வெளிச்சத்துக்கு லைட் போடத் தேவையில்லை என்று அந்த அறையைப் பற்றியே கதைத்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டுக்காரர் தைப்பொங்கல் வரைதான் பொறுப்பேன் என்றுவிட்டார். எங்கள் வீட்டை வாங்க ஆள் இருந்தது. எழுத்து வேலைதான் பாக்கி.

உறுதி எழுதும் நொத்தாரிசு கஜானி என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர். உறுதியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாம் வடிவா இருக்கு அக்கா. இனி அண்ணையின்ரை கையெழுத்துத்தான்" என்று அம்மாவிடம் சொன்னார்.

"எந்த அண்ணை?" என்றார் அம்மா.

"உங்கடை மனுசன்தான். யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டத்திலை, மனுசி தன்ரை சீதன வீட்டை விக்கிறதெண்டாலும் புருசன் எழுத்திலை சம்மதம் தர வேணும். விட்டுட்டுப் போயிட்டார் எண்டால் கோட்டிலை நீதிபதியிட்டை அனுமதி கேக்கலாம். அதுக்கு விதானையாரின்ரை கடிதம், சாட்சி எல்லாம் வேணும்."

அம்மாவின் முகம் சுருங்கியது.

நான் மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது அப்பா போனார். கிளிநொச்சியில் இன்னொரு பெண்ணோடு இருக்கிறார். ஆனால் எங்கள் வீட்டைப் பொறுத்தவரை அப்படி ஒன்று நடக்கவே இல்லை. கேட்டவர்களுக்கெல்லாம், "அவருக்கு அங்கை அரிசி மில்லிலை வேலை" என்று அம்மா சொன்னார். நானும் சொன்னேன். அக்காவின் கல்யாண அட்டையில் அப்பாவின் பெயர் முதலாவதாக இருந்தது. கல்யாணத்தன்று அவருக்குக் கடும் காய்ச்சல் என்று சொல்லி மணவறையில் அவருடைய இடத்தில் மாமாவை இருத்தினோம். மாப்பிள்ளையின் தாய், சண்டிலிப்பாய் செல்வநாயகி மாமி, "ஐயோ பாவம், கொத்தமல்லி அவிச்சுக் குடிக்கச் சொல்லுங்கோ" என்றார். வருடா வருடம் வாக்காளர் படிவம் வரும்போது, அப்பாவின் பெயரை, தியாகலிங்கம் என்று, முதல் வரியில் அம்மா எழுதுவார். தன் பெயரை அதற்குக் கீழே எழுதுவார்.

விதானையாரிடம், அதுதான் கிராம அலுவலரிடம், போனோம். விதானையார் சிரித்தார்.

"அவர் இஞ்சை இல்லையெண்டு நான் எப்பிடி அக்கா கடிதம் தாறது? போன வருசமும் நீங்கள்தானே வாக்காளர் படிவத்திலை அவர் வீட்டிலை இருக்கிறார் எண்டு எழுதித் தந்தனீங்கள்."

வரிசையில் நின்ற ஒருவர், "கட்டிலுக்குக் கீழை வடிவாத் தேடிப் பாருங்கோ அக்கா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நாக்கில் துருப்பிடித்த ஆணியை வைத்திருப்பது போலிருந்தது எனக்கு.

அன்றைக்கே அம்மா அப்பாவுக்குத் தொலைபேசி எடுத்தார். அவர் பதறவில்லை. காத்திருந்தவர் மாதிரிக் கதைத்தார்.

"வாறன். வெள்ளிக்கிழமைதான் எனக்கு வசதி. விளைமீன் குழம்பு வையும் தயா. உம்மடை கையாலை சாப்பிட்டுக் கனகாலம்."

"வெள்ளிக்கிழமை இந்த வீட்டிலை மீன் மச்சம் காய்ச்சிறேல்லை. உங்களுக்குத் தெரியும்தானே."

"கையெழுத்து வேணுமோ, விரதம் வேணுமோ?"

அம்மா குசினி அடுப்புக்கு அந்த மீனைக் கொண்டுபோகவில்லை. புதுச் சட்டி ஒன்று வாங்கி, கிணற்றடிக்கு அப்பால் மூன்று கல் வைத்துக் காய்ச்சினார். வெள்ளிக்கிழமை முழுகிய ஈரத் தலையோடு, புகைக்குள் குந்தியிருந்தார். நான் உதவப் போனபோது, "கிட்ட வராதை, மணக்கும்" என்று கலைத்துவிட்டார்.

அப்பா வரும் வழியில் கோயிலுக்கும் போய் வந்திருந்தார். நெற்றி நிறைய விபூதி. சம்மதப் பத்திரத்தோடு வந்திருந்த கஜானியைப் பார்த்து, வீட்டுக்காரர் மாதிரி, "இருங்கோ பிள்ளை, ஏன் நிக்கிறியள், கதிரை இல்லையோ?" என்றார். பிறகு ஒவ்வொரு அறையாகத் திறந்து பார்த்தார். என்னுடைய அறையையும். சாப்பிட இருந்தார். மீன் தலையை இரண்டு கையாலும் பிய்த்து உறிஞ்சினார். கண்ணை விரலால் தோண்டி எடுத்து வாய்க்குள் போட்டார். மோவாயில் வழிந்த குழம்பைப் புறங்கையால் துடைத்து, அந்தப் புறங்கையை நக்கினார். முள்ளுகளை மேசை விரிப்பில் வரிசையாகத் துப்பினார். அந்த விரிப்பு அம்மா தைத்தது. பார்க்காமல் இருக்க முயன்றேன். சத்தத்துக்குக் காதை மூட முடியவில்லை.

"சாருஜா, நீ சாப்பிடேல்லையோ?"

"எனக்கு வெள்ளி விரதம்."

"அம்மாவைப் போலவே," என்று சிரித்தார். பிறகு அவருடைய கண் கலங்கியது. அதுதான் எல்லாவற்றிலும் அருவருப்பாக இருந்தது, உண்மையாகவே கலங்கியது.

"வழியிலை விதானையார் சொன்னவர் தயா. இவ்வளவு காலமும் வாக்காளர் படிவத்திலை என்ரை பேரை வெட்டாமல் வைச்சிருந்தனீராம். எனக்குத் தெரியும், நீர் என்னை விட்டுக்குடுக்க மாட்டீர் எண்டு. பாருங்கோ பிள்ளை, இப்பிடியும் ஒரு மனுசி!"

சொல்லிக்கொண்டே, குழம்புக் கையால் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தார்.

அம்மா கையை உருவிக்கொண்டார். ஐந்து விரலும் மஞ்சளாகப் பதிந்திருந்தன.

"அது உனக்காக எழுதினதில்லை," என்றார். அம்மா அவரை நீ என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. "பிள்ளையளைக் கட்டிக்குடுக்க எழுதினது. கையைக் கழுவிப்போட்டு எழும்பு."

"என்ன கதை இது? அப்ப கையெழுத்து?"

"வேண்டாம்."

"வேண்டாமோ? பொங்கல் வருது. உம்மடை சுன்னாகத்து வீடு?"

"போகட்டும்."

அவர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். சட்டியில் மிச்சமிருந்த துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, கையைக் கழுவாமலே கேற்றைத் திறந்து போனார்.

கஜானி பத்திரத்தை மடித்தார். "அக்கா, கோட்டிலை கனநாள் எடுக்கும். அவர் விட்டுட்டுப் போனவர் எண்டு உங்கடை வீட்டுக்கு வெளியிலை ஒருவர் சாட்சி சொல்லவும் வேணும்."

அம்மா மணிக்கட்டைச் சவர்க்காரம் போட்டு இரண்டு தரம் கழுவினார். பிறகு தொலைபேசியை எடுத்து, சண்டிலிப்பாய்க்கு, செல்வநாயகி மாமிக்கு அழைத்தார்.

"அம்மா, வேண்டாம். அக்கா அந்த வீட்டிலையெல்லே இருக்க வேணும்," என்றேன்.

அம்மா ஸ்பீக்கரைப் போட்டு மேசையில் வைத்தார்.

"மச்சாள், தயாளினி கதைக்கிறன். உங்கடை சம்பந்தி மில்லிலை வேலை செய்யேல்லை. எங்களை விட்டுட்டு வேறை ஒருத்தியோடை போய்க் கனவருசம். கல்யாணத்தண்டு காய்ச்சலும் இல்லை."

மறுமுனையில் செல்வநாயகி மாமி இருமினார்.

"அதை ஏன் மச்சாள் இப்ப சொல்லுறியள்? கல்யாணம் பேசி வரேக்குள்ளையே எங்களுக்குத் தெரியும். ஊருக்கே தெரியும்தானே. நீங்கள் சொல்லேல்லை, நாங்களும் கேக்கேல்லை."

கொத்தமல்லி அவிக்கச் சொன்ன அதே குரல். இத்தனை வருடமும் நான் சொன்ன ஒவ்வொரு பொய்யையும் தலையாட்டிக் கேட்ட முகங்கள் எல்லாம், என் கண்முன்னே மீனின் வாயைப் போலத் திறந்து திறந்து மூடின.

அம்மா மட்டும் அதிரவில்லை.

"தெரிஞ்சால் நல்லது மச்சாள். அப்ப கோட்டுக்கு வந்து அதைச் சொல்லுங்கோ. எப்ப எண்டு நொத்தாரிசுப் பிள்ளை அறிவிப்பா."

அம்மா தொலைபேசியை வைக்கவில்லை. முள்ளுகள் கிடந்த விரிப்பை மற்றக் கையால் சுருட்டிக்கொண்டே, பதிலுக்காகக் காத்திருந்தார்.