தொங்கலில் இறுக்கிய போல்ட்

"சாவியக் குடுங்க சித்தப்பா. நான் ஓட்டிப் பாக்கணும்."

காற்று அடிக்கிற மெஷின்கூட அந்த நேரம் பார்த்து நின்று தொலைத்தது. அவள் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே முதலாளியான சித்தப்பா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: "என்ன வேணா கேளு. கஸ்டமர் கார் சாவிய மட்டும் கேக்காத." அவளும் கேட்கவில்லை. ஒர்க்‌ஷாப்பின் கண்ணாடி அறையில் உட்கார்ந்து போன் எடுத்தாள், பில் போட்டாள், வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தாள். லோடு வேன் ஓட்டுகிற அப்பாவுக்குப் பிறந்து, குடும்பத்திலேயே முதல் ஆளாகக் கல்லூரி வாசலை மிதித்து, மெக்கானிக்கல் படித்துக் கிழித்தது தண்ணீர் கொடுக்கத்தானா என்று தினமும் பல்லைக் கடித்தாள்.

இன்று பொறுமை அறுந்ததற்குக் காரணம் அந்த நீலக் கார். இரண்டே கதவு, பதுங்கி நிற்கும் உடம்பு, பின்சக்கரங்கள் தள்ளுவதால் ஓடுகிற வேக வண்டி. சொந்தக்காரர் நாளைக்கு அதை ரேஸ் டிராக்கில் ஓட்டப்போகிறார். வலது பின்சக்கரத்தில் ஆட்டம், 'டொக்'கென்று ஒரு சத்தம். சக்கரம் சுழல்கிற பேரிங்கை இரண்டு முறை மாற்றியாயிற்று. இரண்டு முறையும் சத்தம் கோபித்துக்கொண்டு போன மாப்பிள்ளை மாதிரி தானாகத் திரும்பி வந்துவிட்டது. இப்போது மூன்றாவது பேரிங் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தார் ஹெட் மெக்கானிக்.

அவருக்குக் கடையில் பெயரே 'காது'தான். கையை வைக்குமுன் சத்தத்தைக் கேட்டே தீர்ப்பு எழுதிவிடுவார்.

"குடுங்க முதலாளி, பாப்பா ஆசைப்படுது. பேரிங் இல்லன்னா இத அப்படியே முழுங்கறேன்."

"தண்ணி எடுத்து வைக்கறேண்ணே," என்றாள். "தொண்டையில சிக்கிக்கும்."

காரைத் தூக்கும் லிஃப்டுக்குப் பக்கத்தில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புக்குப் பயந்துதான் சித்தப்பா சாவியை நீட்டினார். "ஒரு கீறல் விழுந்துச்சுன்னா, உங்கப்பன்கிட்ட நான்தான் பதில் சொல்லணும்."

அப்பாவின் வேனில் கியர் போடக் கற்ற கைக்கு இந்த ஸ்டியரிங் வேறு பிறவி. மிதித்ததும் முதுகில் யாரோ கை வைத்துத் தள்ளினார்கள். சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டு காதைத் தீட்டினாள். நேர் ரோட்டில் வேகம் ஏற ஏறக் கவனித்தாள். பேரிங் போயிருந்தால் வேகத்தோடு சேர்ந்து ஒரு உறுமல் ஏறும். ஏறவில்லை. கோடவுன்களுக்குப் பின்னால், ஆள் நடமாட்டமில்லாத நீண்ட வளைவில் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தாள்.

டொக்!

பின்பக்கம் யாரோ சொல்லாமல் ஸ்டியரிங் பிடித்த மாதிரி லேசாகத் திரும்பியது. இறுக்கிப் பிடித்து நேராக்கினாள். திரும்பி வந்து மறுபடி அதே வளைவில் அதே மாதிரி காலை எடுத்தாள். மறுபடி டொக்! மிதித்தால் ஒரு பக்கம், விட்டால் மறுபக்கம். சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஏதோ ஒன்று பிடி தளர்ந்திருக்கிறது. "மாட்டினடா நீ!" என்று தனியாகக் கத்தினாள்.

ஒர்க்‌ஷாப்புக்கு வந்ததும், கார் தரையில் நிற்கும்போதே டேப் வைத்துச் சக்கரத்தின் நடுவுக்கும் மேலே வளைந்த தகட்டுக்கும் உள்ள உயரத்தை அளந்துகொண்டாள். பிறகு லிஃப்டில் ஏற்றி, சக்கரத்தின் உச்சியிலும் அடியிலும் கை வைத்து ஆட்டினாள். கடக், கடக்.

"பாத்தியா?" என்றார் காது. "பேரிங்."

"ஏறி பிரேக்க மிதிங்கண்ணே. அழுத்தி மிதிங்க."

முணுமுணுத்துக்கொண்டே ஏணி போட்டு ஏறி மிதித்தார். அவள் மறுபடி ஆட்டினாள். கடக், கடக்.

"பிரேக் கவ்வினா பேரிங் ஆட்டம் நின்னுடணும். நிக்கல. ஆடறது சக்கரம் இல்ல, சக்கரத்தப் பிடிச்சிருக்கற கை."

சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கீழ்க்கையின் உள்முனையில் கம்பியைக் கொடுத்து நெம்பினாள். புஷ் என்கிற அந்த ரப்பர் வளையம் வாயைப் பிளந்தது, பாதி கிழிந்திருந்தது. முதல் பேரிங் மாற்றியபோதுதான் அதையும் புதிதாகப் போட்டிருந்தார்கள்.

"புதுசு எப்படிக் கிழியும்?" என்றார் சித்தப்பா.

"இந்த போல்ட்ட எங்க வெச்சு இறுக்கினீங்க?"

"இதென்ன கேள்வி? லிஃப்ட்லதான். எப்பவும் அப்படித்தான்," என்றார் காது.

"சக்கரம் தொங்கறப்ப இறுக்கினா ரப்பர் அந்த நிலையிலயே கவ்விக்கும். கீழ இறக்கினதும் நாள் முழுக்க முறுக்கிக்கிட்டே நிக்கும். உங்க கழுத்த ஒரு பக்கமாத் திருப்பிக் கட்டிட்டு, நேரா பாத்து நடங்கன்னு சொன்னா எப்படி இருக்கும்? அப்படி."

புது புஷ்ஷை அழுத்திப் பொருத்தினார்கள். போல்ட்டை இறுக்குமுன் ஜாக்கியால் சக்கரத்தின் அச்சைத் தூக்கி, தரையில் அளந்த அதே உயரத்துக்குக் கொண்டுவந்தாள். பிறகுதான் ஸ்பேனரைத் தொட்டாள். மறுபக்கத்துக்கும் அதே. இந்த முறை வளைவில் காலை எடுத்தபோது கார் வாயே திறக்கவில்லை. பக்கத்து இருக்கையில் காது கண்ணை மூடிக்கொண்டு உற்றுக் கேட்டார். திரும்பி வந்ததும் அவர் முன்னால் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்தாள். முறைத்துக்கொண்டே குடித்தார்.

சித்தப்பா அவளைக் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். முகம் பளபளத்தது.

"நாளையிலருந்து இங்க உக்கார வேணாம். அந்த லிஃப்ட் உன்னோடது. சந்தோஷமா?"

நெஞ்சு குதித்தது. இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவள் இத்தனை டம்ளர் கழுவியிருந்தாள்.

"ஆனா ஒண்ணு. கார்க்காரர்கிட்ட பேரிங் மட்டமா வந்துடுச்சுன்னு சொல்லிக்கலாம். இந்த புஷ் கதை வெளிய போகக் கூடாது."

"டாக்டரம்மாவோட சிவப்புக் கார்?"

சித்தப்பா பேனாவை எடுத்து வைத்தார். அதே ரக வண்டி. போன வாரம் அதற்கும் மாற்றியது இதே புஷ், இதே லிஃப்ட், இதே தொங்கல். சாவியையும் தண்ணீரையும் கொடுத்து அனுப்பியது அவள்தான்.

"சத்தம்னு வந்தா பாத்துக்கலாம்."

"வளைவுல பின்பக்கம் இழுத்ததுக்கு அப்புறமா?"

"கடைய இழுத்து மூடச் சொல்றியா?"

"போல்ட்ட தளத்தி, சரியான உயரத்துல வெச்சு இறுக்கச் சொல்றேன். ரப்பர் கிழிஞ்சிருந்தா மாத்தச் சொல்றேன்."

"தப்பு நம்மளதுன்னு நம்ம வாயாலயேவா? இந்தத் தொழில்ல அப்படி ஒருத்தன் சொல்லி நான் பாத்ததில்ல."

"பொண்ணு சொல்லிப் பாருங்க."

"வாசலத் தாண்டினா லிஃப்டும் கிடையாது, இந்த நாற்காலியும் கிடையாது. சொல்லிட்டேன்!"

அவள் கதவைத் திறந்தாள். ரப்பர் வாயைப் பிளந்த அந்த நொடியிலேயே இது முடிவாகிவிட்டது. சித்தப்பாவுக்குத்தான் தாமதமாகத் தெரிகிறது. வெளியே நீலக் காரின் சொந்தக்காரர் வந்து நின்றிருந்தார். "பேரிங் இல்ல சார், புஷ்! சக்கரம் தொங்கறப்ப இறுக்கிட்டோம், எங்க தப்பு. இப்ப சரியாயிடுச்சு, தைரியமா ஓட்டுங்க," என்று போகிற போக்கில் சொன்னாள். டம்ளரைக் கையில் வைத்தபடி வாசலை மறைத்து நின்ற காது, ஒதுங்கி வழிவிட்டார்.

டாக்டரம்மாவின் கிளினிக் இரண்டு தெரு தள்ளி. கையில் கிரீஸ் காயவில்லை. நடக்கத்தான் தொடங்கினாள், தெரு முனைக்குள் அது ஓட்டமாகியிருந்தது.