ராஜாங்கத்தின் மீன்களும் என் பாட்டனார் வைத்த புளியமரமும்

1

ஒரு கேலியைத் திருத்துவதற்காகவே இந்தக் கதையை எழுதத் தொடங்கினேன். கச்சிராப்பாளையம் பேருந்தில் என்னைப் பார்த்தால் இன்றைக்கும் யாராவது பக்கத்து ஆளிடம், "மீனுக்கு வெந்நி வச்சவரு" என்கிறார்கள். நான்கு தலைமுறையாகத் தலை குனியாத குடும்பத்துக்கு இப்படி ஒரு பெயர் நிலைத்துவிடக் கூடாது. நடந்ததை நடந்தபடி எழுதிவிட்டால் கேலி நின்றுவிடும் என்று நினைத்தேன்.

முதலில் எழுதிய தொடக்கம்: "கல்வராயன் மலையடிவாரத்தில் ஒரு விவசாயி இருந்தார். அவருக்கு"

அடித்துவிட்டேன். 'ஒரு விவசாயி'யாம். பெயரில்லாத ஆள் எங்கள் வம்சத்தில் கிடையாது. என் பெயர் கண்ணாயிரம்.

2

என் மகன் ராஜாங்கம் சென்னையில் படித்தபோது, ஒரு விடுமுறைக்குப் பிளாஸ்டிக் பையில் வண்ண மீன்கள் கொண்டுவந்தான். கப்பி, மோலி, இரண்டு நீலக் கௌராமி. வயலில் உள்ள பம்புசெட்டுத் தொட்டியில் அவற்றை விட்டு, தண்ணீர் வெளியேறும் வாயில் கொசுவலை கட்டினான். மீன் என்றால் குழம்பு என்று மட்டுமே அறிந்த வீடு எங்களுடையது. பொறுத்துக்கொண்டேன்.

அந்த வருடம்தான் இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்தது. மரங்களை வெட்டிச் சாலையில் சாய்த்தார்கள். கேட்டது நியாயம் என்பதில் எனக்கு அன்றும் இன்றும் இரண்டு கருத்து இல்லை. ஆனால் ராஜாங்கமும் கூட்டாளிகளும் சாய்த்தது, வழிப்போக்கர்களுக்கு நிழலாகட்டும் என்று என் பாட்டனார் வைத்த புளியமரம்.

(இங்கே கோபமாக அரைப் பக்கம் இருந்தது. குடும்ப விஷயம் என்பதால் எடுத்துவிட்டேன்.)

அவனைப் பிடித்துக் கடலூர் சிறையில் வைத்தார்கள். நான் பார்க்கப் போகவில்லை. நெடுஞ்சாலைத் துறையினர் அந்த மரத்தை ஏலம் விட்டபோதுதான் வீட்டை விட்டுக் கிளம்பினேன். ஏலத்தில் எடுத்த கட்டைகளை வண்டியில் ஏற்றி வந்து, பம்புசெட்டு ஓரமாக அடுக்கி, தார்ப்பாய் போட்டு மூடினேன். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

3

என் மனைவி கொளஞ்சியம்மாள், தன் தம்பியை அழைத்துக்கொண்டு கடலூர் போய்வந்தாள்.

"இன்னா கேட்டான்?" என்றேன்.

"மீனு இருக்குதான்னு கேட்டான்."

"வேற?"

"அப்பா அத வறுத்துத் தின்னுருப்பாருன்னான்."

"நீ இன்னா சொன்ன?"

"மரக்கட்டைய சாமி மாதிரி மூடி வச்சிக்கினு இருக்காரு, மீனெல்லாம் அவரு கண்ணுக்குத் தெரியாதுன்னேன்."

என் தொட்டியில் நம்பி விட்டதை நான் தின்பேன் என்று என் மகனே சொல்வதா? அவன் வருகிற வரைக்கும் ஒரு மீன் சாகக் கூடாது என்று அன்றே முடிவு செய்தேன்.

மார்கழியில் மலையிலிருந்து இறங்கும் குளிர் திறந்த தொட்டியைச் சில்லிட வைத்துவிடும். இவை வெதுவெதுப்பில் பிழைக்கிற மீன்கள். ஆனால் அந்த மாதத்தில் கிணற்றுத் தண்ணீர் ஆவி பறக்க ஏறும். விடியலில் கரண்டு வந்ததும் மோட்டார் போடுவேன். மீன்கள் குழாய்க்கு அடியில் வந்து கூடும்.

(முதல் படியில், கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சவே மோட்டார் போட்டதாக எழுதியிருந்தேன். வெட்டுக்கு நிற்கிற கரும்புக்கு யாரும் தண்ணீர் விடமாட்டார்கள் என்று விவசாயம் தெரிந்த வாசகர் கண்டுபிடித்துவிடுவார். ஆகவே மாற்றினேன்.)

4

அப்புறம் டிரான்ஸ்பார்மர் எரிந்துபோனது. மழையும் பிடித்துக்கொண்டது. கரண்டு வர நாளாகும் என்றார்கள்.

"அந்த நீல மீனுல ஒன்னு அடியில சாஞ்சிக்கினு கெடக்குது," என்றாள் கொளஞ்சி. "பொங்கலுக்கு முன்னாடி அவன வுட்டுடுவாங்களாம். வந்து கேட்டான்னா நான் இன்னா சொல்லட்டும்?"

கரும்புச் சோகை, முள் விறகு, தென்னை மட்டை எல்லாம் நனைந்து கிடந்தன. தார்ப்பாய்க்கு அடியில் இருந்ததுதான் காய்ந்திருந்தது.

["கோடாலியைக் கையில் எடுத்தபோது என் மனம்" என்று ஒரு வாக்கியம் தொடங்கினேன். மனத்தைப் பற்றி எழுத எனக்கு வராது. கோடாலியை எடுத்தேன்.]

"அந்தக் கட்டையா?" என்றாள்.

"காஞ்சது அதான்."

நெல் அவிக்கும் அண்டாவில் தண்ணீரைக் காய்ச்சி, குடத்தில் விளாவி, தொட்டியின் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். பக்கத்து வயல்கார இருசப்பன் வரப்பில் நின்றுவிட்டான்.

"இன்னா மாமா, மீன் கொழம்புக்கு இவ்ளோ பெரிய அண்டாவா?"

"குளிக்கிறதுக்குடா."

"யாரு குளிக்க? நீங்களா, அதுங்களா?"

நான் அடுத்த குடத்தை விளாவினேன். கேலி பிறந்தது அங்கேதான். எழுதிப் பார்த்தால் அதில் பொய் எதுவும் இல்லை. திருத்த வந்தவனுக்கு இது பின்னடைவுதான்.

மதியத்துக்குள் நீல மீன் நிமிர்ந்து நீந்தியது. மறுநாள் காலையும் அண்டா ஏறியது. அதற்கு மறுநாளும். கட்டைகள் குறைந்துகொண்டே வந்தன.

5

முடிவுகள்.

ஒன்று: ராஜாங்கம் வந்து என் காலில் விழுகிறான். (அவன் என் மகன். அப்படியெல்லாம் விழமாட்டான். நீக்கம்.)

இரண்டு: மீன்கள் செத்து மிதக்கின்றன, அவனும் நானும் கட்டிப்பிடித்து. (படிக்கக் கேட்ட கொளஞ்சி, "மொதல்ல வாய அலம்புங்க" என்றாள். நீக்கம்.)

மூன்று: கரண்டு இன்னும் வரவில்லை. கடைசிக் கட்டை அண்டாவுக்கு அடியில் எரிந்துகொண்டிருக்கிறது. ராஜாங்கம் துணிப்பையோடு வரப்பில் வருகிறான். இளைத்திருக்கிறான். முதலில் தொட்டியைப் பார்க்கிறான். பிறகு மடித்து வைத்த தார்ப்பாயை. பிறகு அடுப்பை. எது எரிகிறது என்று அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அடுப்பின் முன்னால் குந்தி உட்கார்ந்து, வெளியே சரிந்திருந்த கட்டையை உள்ளே தள்ளுகிறான்.

"அப்பா," என்கிறான்.

இதற்கு மேல் நான் எழுதுவதாக இல்லை. அவன் என்ன சொன்னான், நான் என்ன சொன்னேன் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அவனைக் கெஞ்ச வைக்காதீர்கள். என்னை அழ வைக்காதீர்கள். மீன்களை ஒன்றும் செய்துவிடாதீர்கள். தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது. இப்போதுதான் கையை விட்டுப் பார்த்தேன்.